பற்றீரியாவின் வளையம்

“திருப்பிச் சொல்லும், செபமாலை,” என்றார் காரைநகர் தாவரவியல் மாஸ்டர் ஆழ்வாப்பிள்ளை.

செபமாலை கண்ணை மூடிக்கொண்டான்.

“பற்றீரியாவுக்குக் கரு இல்லை. அதின்ர பரம்பரையலகுகள் ஒரு டிஎன்ஏ வளையத்தில இருக்கு. பக்கத்தில சின்னச் சின்ன வளையங்களும் இருக்கும். அதுகள் பிளாசுமிட்.”

“வைரசு?”

“டிஎன்ஏயும் ஆர்என்ஏயும்...”

“பிழை! ரெண்டில ஒண்டுதான் இருக்கும். சோதினைக்கு இன்னும் ஒன்பது நாள்தான் கிடக்கு.”

“நான் விடமாட்டன் மாஸ்டர். இன்னொருக்காக் கேளுங்கோ.”

நாலாந்தரம் பிழையில்லாமல் சொல்லி முடித்த பிறகுதான் அவன் வள்ளத்துறைக்குப் போனான். அங்கே நின்ற காவலர்கள் சட்டைப்பையை உதறிப் பார்த்தார்கள். மீன் விற்க வந்தவனைத் தவிர வேறொருவரையும், எழுதிய தாள் ஒன்றையும் கடல் கடக்க விடாத நாட்கள் அவை. அவனிடம் தாள் எதுவும் இல்லை. வள்ளத்தைத் தள்ளிக்கொண்டு புறப்பட்டான்.

எழுவைதீவுக் கரையில் அவன் மகள் பிலோமினா கொப்பியும் பேனையுமாக நின்றாள்.

“அப்பா, வழியில மறந்துபோனீங்களோ?”

கையெழுத்துப் போடத் தெரியாமல் இன்றைக்கும் கைநாட்டு வைக்கும் செபமாலை, வள்ளக் கயிற்றின் இரண்டு நுனிகளையும் சேர்த்து வளையமாகப் பிடித்தான்.

“எழுது பிள்ளை. பற்றீரியாவுக்குக் கரு இல்லை.”