கைப்பட

தச்சர் தன் பெயரை எழுதி முடித்து, இரண்டடி பின்னால் போய் நின்று பார்த்தார். கோணலாகத்தான் இருந்தது. மரமாக இருந்தால் இழைத்துவிடலாம், சுவரை என்ன செய்ய என்றார்.

கரித்துண்டு கை மாறியது. விளக்கு மாட்டியவர் எழுதினார். படங்களை லாரியிலிருந்து இறக்கிய இருவரும், நீ முதலில், நீ முதலில் என்று ஒருவரையொருவர் தள்ளிவிட்டு எழுதினார்கள். தரை துடைக்கும் அம்மா காலையிலேயே எழுதிவிட்டு வாளியோடு போய்விட்டார்.

இது பேராசிரியை போட்ட விதி. அவள் ஓவியம் வரைகிறவள். கலையில் யாருடைய உழைப்பு யார் பெயரில் விலைபோகிறது என்று ஆராய்ந்து புத்தகம் எழுதியவளும்கூட. அவள் கண்காட்சியில் அச்சடித்த பெயர்ப்பலகை கிடையாது. வேலையில் கை வைத்த ஒவ்வொருவரும் வாசல் சுவரில் கைப்படத் தன் பெயரை எழுத வேண்டும். ஒருவருக்காக இன்னொருவர் எழுதக் கூடாது.

அவள் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். வலக்கை மேலங்கிப் பைக்குள் இருந்தது.

கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் கூட்டம் சேர்ந்துவிட்டது. படம் வாங்குகிறவர்கள், பத்திரிகைக்காரர்கள்.

தச்சருக்கு வாய் சும்மா இருக்காது. ஊருக்குத்தான் உபதேசமா, உங்கள் பெயர் எங்கே என்று கேட்டார். பரிமாறுகிறவள் கடைசியில்தானே சாப்பிட வேண்டும் என்றாள் அவள். பந்தி முடிந்து பாத்திரம் கழுவுகிற நேரம் ஆகிவிட்டதே அம்மா என்றார் அவர்.

எல்லோரும் சிரித்தார்கள். கரித்துண்டு அவளிடம் நீண்டது.

அவள் இடக்கையால் வாங்கினாள். வாங்கியதை அப்படியே, தள்ளி நின்றிருந்த தன் தம்பியிடம் கொடுத்து, எழுதச் சொன்னாள்.

தம்பி அவளுக்குக் கார் ஓட்டுவான், பை தூக்குவான். மற்றவர்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். காலையிலிருந்து அவன் சுவர்ப் பக்கமே வரவில்லை.

கரித்துண்டைப் பார்த்தான். பிறகு குரலை இறக்கிக் கேட்டான்.

"யார் பேரை, அக்கா?"

கேள்வி தச்சருக்குப் புரியவில்லை. அவளுக்குப் புரிந்தது.

கை நடுங்க ஆரம்பித்து இரண்டு வருடம் ஆகிறது. உள்ளே தொங்குகிற படங்கள் எல்லாம் அவள் சொல்லச் சொல்ல அவன் இழுத்த கோடுகள். மூலையில் இருக்கும் அவள் கையெழுத்தும் அவன் போட்டதுதான். அவன் பெயர் சுவரில் ஏறினால் எதற்கு என்று கேட்பார்கள். கேட்டால் கையின் சங்கதி வெளியே வரும். நடுங்குகிற கையை நம்பி யார் படம் வாங்குவார்கள்? அதனால் அக்காவும் தம்பியும் பேசி வைத்து வாயை மூடிக்கொண்டார்கள்.

உடம்பின் குறையை ஒளித்துத்தான் ஒரு கலைஞர் பிழைக்க வேண்டுமென்றால் அது நியாயமான சந்தையே அல்ல என்று அவள் புத்தகத்தில் ஓர் அத்தியாயம் இருக்கிறது. அதைத் தட்டச்சு செய்தவனும் தம்பிதான்.

வெளியே யாரோ கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார்கள்.

உன் பெயரைத்தான் என்றாள் அவள்.

அவன் எழுதினான். கோடு ஒரே இழுப்பில் இறங்கி, முடிகிற இடத்தில் லேசாக மேலே சுழித்தது. விளக்கு மாட்டியவர் அந்தப் பெயரைப் பார்த்தார். உள்ளே திரும்பிப் படங்களைப் பார்த்தார். மறுபடி பெயரைப் பார்த்தார்.

பிறகு அவள் வலக்கையை வெளியே எடுத்தாள்.

நேரம் பிடித்தது. யாரும் உதவிக்குப் போகவில்லை. விதி அப்படி. கரி நழுவி விழுந்தபோது மட்டும் தச்சர் குனிந்து எடுத்து, அவள் கையிலேயே திரும்ப வைத்தார்.

எழுதி முடித்ததும் அவளே கதவைத் திறக்கப் போனாள். இரண்டு கைகளும் பைக்கு வெளியே இருந்தன.

தரை துடைக்கும் அம்மா கடைசியாக ஒரு சுற்றுப் பார்க்க வந்தவர், சுவருக்கு முன்னால் நின்றுவிட்டார். பெயர்களுக்குக் கீழே ஏதோ கரிக் கிறுக்கல். ஆட்கள் உள்ளே வருகிற நேரத்தில் யார் வீட்டுப் பிள்ளை பண்ணிய வேலையோ என்று முணுமுணுத்துக்கொண்டே ஈரத்துணியைப் பிழிந்தார்.

தம்பி ஓடி வந்தான்.

"துடைச்சிடாதீங்கம்மா. அது அக்கா பேரு."