புளிப்பு மிட்டாய்

ஆலோசகர் நீட்டிய படிவத்தை அம்மா வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

கல்லூரியின் மருத்துவ அறையில் மூன்று நாற்காலிகள், எடை பார்க்கும் கருவி ஒன்று, 'மனம் விட்டுப் பேசுங்கள்' என்று ஒரு சுவரொட்டி. அந்தச் சுவரொட்டியை நம்பித்தான் நான் மோசம் போனேன்.

இங்கே பேசுவது வாசலைத் தாண்டாது என்று ஆலோசகர் முதல் நாளே அடித்துச் சொல்லியிருந்தார். மூன்றாவது முறை வந்தபோது, விடுதியில் என் அறையில் இருப்பவளைக் காதலிக்கிறேன் என்று சொல்லிவிட்டு அழுதேன். முதுகைத் தட்டிக் கொடுத்தார். மூன்று முறை வந்துவிட்டால் வீட்டுக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்பது விதியாம். அதை அழுது முடித்த பிறகுதான் சொன்னார்.

இரண்டே நாளில் அவளுடைய கட்டில் காலியாகிவிட்டது.

மருத்துவர் என்னை 'மாற்ற' ஆறு மாதத்துக்கு மாத்திரை எழுதியிருந்தார். அம்மா கையெழுத்துப் போடாவிட்டால் ஒரு மாத்திரைகூடத் தர முடியாது.

அம்மா லேசில் கையெழுத்துப் போடுகிறவள் இல்லை. என் மதிப்பெண் அட்டையையே முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்து, வகுப்பாசிரியரின் கூட்டலில் தப்புக் கண்டுபிடித்தவள். இன்றைக்கும் ஒரு மூச்சு சண்டை போடுவாள் என்று உட்கார்ந்திருந்தேன். எனக்கு மிச்சமிருந்தது அவள் ஒருத்திதான்.

அம்மா படிவத்தைப் படிக்கவே இல்லை. நேராகக் கடைசிப் பக்கத்தைத் திருப்பினாள். போட்டுவிட்டாள்.

ஆலோசகர் அதை எடுத்துக்கொண்டு மருந்து வாங்கிவரப் போனார். எனக்கு அழக்கூட வரவில்லை.

அம்மா கைப்பையைத் திறந்து ஒரு புளிப்பு மிட்டாயை என் உள்ளங்கையில் வைத்தாள். சின்ன வயதில் ஊசி போட்டாலும், பேருந்தில் அடம்பிடித்தாலும் அந்தப் பையிலிருந்து இதே மிட்டாய்தான் வரும். எனக்காகவே வாங்கி வைத்திருக்கிறாள் என்று அப்போதெல்லாம் பெருமையாக இருக்கும்.

"மாத்திரை போட்டா வாய் உலரும். இத அடக்கிக்கோ," என்றாள்.

மருத்துவர் அப்படி எதுவும் சொல்லவில்லையே.

"உனக்கு எப்படிம்மா தெரியும்?"

அம்மா எடை பார்க்கும் கருவியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உன் வயசுல எனக்கும் கூடப் படிச்சவ ஒருத்தி இருந்தா. சண்டை போட்டா ஆஸ்பத்திரில உள்ள சேத்துடுவாங்கடி. வீட்டுல இருந்துகிட்டே சாப்பிடறது எவ்வளவோ தேவலை."

வெளியே ஆலோசகரின் செருப்புச் சத்தம் திரும்பி வந்துகொண்டிருந்தது.

"மாறிடுச்சாம்மா?" என்று அவசரமாகக் கேட்டேன்.

அம்மா இன்னொரு மிட்டாயைப் பிரித்துத் தன் வாயில் போட்டுக்கொண்டாள்.

எங்கள் வீட்டில் சர்க்கரை தீர்ந்துபோன நாள் உண்டு. சோப்பு தீர்ந்துபோன நாள் உண்டு. எனக்கு நினைவு தெரிந்து, அம்மாவின் பையில் அந்த மிட்டாய் தீர்ந்துபோன நாளே இல்லை.