நான்காவது மைக்

விளம்பர இடைவேளை. ஒலி அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விவாத மேசையில் பவுடர் ஒற்றுகிறார்கள். ராணுவத்துக்காகப் பேச வந்தவர், "நெத்தி ரொம்பப் பளபளன்னு தெரியுதாம்மா?" என்று ஒப்பனைப் பெண்ணைக் கேட்பது, மூடாத ஏதோ ஒரு மைக் வழியே என் ஹெட்போனில் விழுகிறது. பத்திரிகை ஆசிரியர் ஏதோ சொல்ல, நெறியாளர் வாய்விட்டுச் சிரிக்கிறார். நடப்பது இனப்படுகொலையா இல்லையா என்று இவ்வளவு நேரம் ஒருவர் சட்டையை ஒருவர் பிடிக்காத குறையாகக் கத்தியவர்கள்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. நான்காவது நாற்காலியில், போர்முனை ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய டாக்டர் மட்டும் ஒரு தாளைப் பிரித்துத் தணிந்த குரலில் வாசிக்கிறார். அங்கே அவர் கையில் செத்துப்போன பிள்ளைகளின் பட்டியல் அது. ஒலி மேசையில் அவர் மைக்கை நான் மூட மறந்திருக்கிறேன். ஒரு பெயர், ஒரு வயது. ஒரு பெயர், ஒரு வயது என்று என் காதுக்குள் இறங்கிக்கொண்டே இருக்கிறது. எதிர்த் திரையில் சோப்பு நுரைக்குள் ஒரு குழந்தை சிரிக்கிறது. சிவப்பு விளக்கு எரிகிறது, மறுபடி நேரலை. "டாக்டர், இனப்படுகொலைதானா? ஆமாவா இல்லையா, ஒரே வார்த்தையில சொல்லுங்க," என்கிறார் நெறியாளர். டாக்டர் தாளிலிருந்து தலை நிமிரவில்லை. "நாலு வயசு," என்கிறார். "யோவ், அந்தாளு மைக் சத்தத்த இறக்குய்யா!" என்று தயாரிப்பாளர் என் காதில் கத்துகிறார். பதினோரு வருஷமாகச் சொன்னவுடன் இறக்கிய கை இது. இப்போதும் இறக்குகிறேன், மற்ற மூன்று மைக்குகளையும். நெறியாளரின் வாய் சத்தமில்லாமல் திறந்து திறந்து மூடுகிறது. "ஏழு வயசு," என்கிறது ஒவ்வொரு வீட்டு டிவியும்.