பதினோரு வருட தாம்பத்யம்

ஆபாசப் படங்கள் தங்களை எப்படிப் பாதித்ததாக மக்கள் நம்புகிறார்கள் என்று அளக்க, கோபன்ஹேகனில் வீடு வீடாக ஏறி இறங்கினாள் சிக்னே. அன்றைய கடைசி ஆள், ஓய்வு பெற்ற தபால்காரர் தோர்பென்.

“கல்யாண வாழ்க்கையில அதால ஏதாவது கெடுதல்?”

“அதெல்லாம் விட்டுப் பதினோரு வருஷமாச்சும்மா. வீபெக்கே வந்தப்புறம் நான் வேற ஒருத்தியைப் பாக்கல.”

‘கெடுதல்: பூஜ்யம்’ என்று நிறைவோடு குறித்தாள். “அவங்ககிட்டயும் கேக்கலாமா?”

“தாராளமா. கொஞ்சம் கூச்ச சுபாவம். ஆனா அன்னிக்குப் பாத்த மாதிரியே இருக்கா, ஒரு வயசு ஏறல.”

மடிக்கணினியைத் திறந்து அவள் பக்கம் திருப்பினார். ஏதோ பழைய நீலப்படத்தின் உறைந்த காட்சியில் ஒரு பெண் சிரித்துக்கொண்டிருந்தாள்.

சிக்னே பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

தோர்பென் அவள் கையைப் பிடித்தார்.

“உக்காரும்மா. அவ இன்னும் பேசி முடிக்கல.”