ஏழு சீட் வண்டி

"அஞ்சு சீட் வண்டியே போதும் பாய்," என்றான் திலீப்.

"போதாது. ஏழு சீட்தான் வேணும்," என்றாள் அவன் மனைவி கவிப்ரியா.

ஜாலான் புசாரில் வாடகைக் கார் கடை வைத்திருக்கும் அப்துல் அலீம் இரண்டு சாவிகளையும் மேசைமேல் வைத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்துகொண்டார். ஜூன் விடுமுறை வந்தாலே கடையில் இப்படி ஏதாவது ஒரு பஞ்சாயத்து நடக்கும். அவருக்குப் பழகிப்போன சங்கதி.

"கேமரன் மலைக்குத்தானே? எத்தனை பேர் போறீங்க?"

"நாங்க ரெண்டு பேர், பிள்ளைங்க மூணு. மொத்தம் அஞ்சு," என்றான் திலீப்.

"ஆறு!" கவிப்ரியா அவனை முறைத்தாள். "அண்ணியை விட்டுட்டீங்களே?"

அண்ணி என்று அவள் சொன்னது திலீப்பின் அக்கா வசந்தகுமாரியை. கல்யாணமே வேண்டாமென்று இருந்துவிட்டவர். மருத்துவமனைத் தாதி வேலையிலிருந்து போன வருஷம்தான் ஓய்வு பெற்றார். திலீப் குடும்பம் மலேசியாவுக்கு எப்போது கிளம்பினாலும் அவரும் கூடவே வருவார்.

"இந்தத் தடவை அக்கா வேண்டாம் கவி. நெருக்கியடிச்சுக்கிட்டு எதுக்கு?"

"நெருக்கடி வேண்டாம்னுதானே பெரிய வண்டி கேக்கிறேன்?"

"பெரிய வண்டி ஓட்டி எனக்குப் பழக்கமில்ல லா."

"லாரியா ஓட்டச் சொல்றேன்? கேட்டுக்குங்க பாய். கூடப்பிறந்த அக்காவுக்கு வண்டியில இடமில்லையாம். வேற வீட்டுல இருந்து வந்தவ, நான் மல்லுக்கு நிக்க வேண்டியிருக்கு!"

திலீப் கண்ணாடிக் கதவுக்கு வெளியே ஏதோ அதிசயம் நடப்பதுபோலத் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

அலீம் பெரிய வண்டியின் சாவியை அவள் பக்கம் நகர்த்தினார். "நாத்தனாரையும் கூட்டிட்டுப் போகணும்னு சண்டை போடற பொண்ணை இன்னைக்குத்தான் பார்க்கிறேன். உனக்கு நல்ல மனசு தங்கச்சி."

கவிப்ரியாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. போகிற போக்கில் கணவனை ஒரு பார்வை பார்த்தாள். 'கேட்டுக்கிட்டீங்களா?' என்று அதற்கு அர்த்தம்.

இந்த நல்ல சேதியைச் சூட்டோடு சூடாக அண்ணியிடம் சொல்லாவிட்டால் அவளுக்குத் தலை வெடித்துவிடும்போல இருந்தது. கடை மூலையில் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மார்சிலிங்கில் இருக்கும் தங்கள் வீட்டுக்குப் போகும்படி திலீப்பை அனுப்பினாள். அண்ணிக்குப் பிடித்த ஜிலேபியில் ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டு, அண்ணி குடியிருக்கும் ஃபேரர் பார்க்குக்கு நடந்தாள்.

"போறதுக்கு முன்னாடி அக்காவுக்கு ஒரு போன் பண்ணு கவி," என்று திலீப் பின்னாலிருந்து சொன்னது அவள் காதில் விழவேயில்லை.

கதவைத் திறந்த வசந்தகுமாரி அவளைக் கண்டதும் சற்றுத் தடுமாறினார். கூடத்தின் நடுவே ஒரு பெட்டி திறந்து கிடந்தது. பாதி துணி அடுக்கியாகிவிட்டது.

'பாவம், தம்பி கழட்டிவிடப் பார்க்கிறது தெரியாம பெட்டி வேற அடுக்கிட்டாங்களே!' கவிப்ரியாவுக்கு நெஞ்சு இளகிப்போனது.

"அண்ணி, உங்க தம்பி உங்களை விட்டுட்டுப் போகப் பார்த்தாரு. நான் விடுவேனா? ஏழு சீட் வண்டிக்குச் சொல்லியாச்சு!"

ஜிலேபிப் பொட்டலத்தை வாங்கிய வசந்தகுமாரியின் முகம் சுருங்கியது. "ஐயய்யோ, எதுக்கும்மா?"

"என்ன அண்ணி இப்படிக் கேக்கிறீங்க? நீங்க இல்லாம எப்படி? பாப்பா ராத்திரி உங்ககிட்டதானே தூங்குவா? மலைப்பாதையில வருணுக்கு வாந்தி வந்தா யாரு பையைப் பிடிக்கிறது? போன தடவைகூட சிவானிக்குக் காய்ச்சல்னு நீங்க ரூம்லயே இருந்தீங்க, அதனாலதானே நாங்க நிம்மதியா தேயிலைத் தோட்டம்..."

அவள் குரல் அவள் காதிலேயே விழுந்தது. பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

வசந்தகுமாரி அவளைப் பக்கத்தில் உட்கார வைத்தார். "திலீப்பைத் திட்டாதேம்மா. சின்ன வண்டியா எடுடான்னு அவன்கிட்ட சொன்னதே நான்தான்."

"நீங்களா?"

"நான் வரலைன்னு சொன்னா உன் மனசு கஷ்டப்படும். அதான் அவன், 'வண்டியில இடமில்லைன்னு நான் சொல்லிக்கிறேன், பழி என்மேலயே இருக்கட்டும்க்கா'ன்னான்."

கடையில் ஊமையாக நின்ற திலீப்பின் முகம் கவிப்ரியாவின் கண்முன் வந்து போனது. பெட்டியைக் காட்டினாள். "அப்ப இது?"

வசந்தகுமாரிக்கு வெட்கம் கலந்த சிரிப்பு வந்துவிட்டது. "என்கூட வார்டுல வேலை பார்த்தாளே புஷ்பராணி, நானும் அவளும் ஜப்பான் போறோம். ஹொக்கைடோவுல வாடகைக்குக் கார் எடுத்து ஊர் ஊரா சுத்தப் போறோம்."

"யாரு ஓட்டறது?"

"நான்தான்! லைசென்ஸ் எடுத்தது எந்தக் காலத்துலயோ. பின்சீட்டுல பால்புட்டியைப் பிடிச்சுக்கிட்டே வந்ததுல எனக்கே அது மறந்துபோச்சு. இப்பதான் ட்ரைவிங் ஸ்கூலுக்குப் போய் மறுபடி ஓட்டிப் பழகினேன்."

கவிப்ரியா கைப்பேசியை எடுத்துக் கடைக்கு அடித்தாள்.

"பாய், அந்த அஞ்சு சீட் வண்டி இன்னும் இருக்கா? இருந்தா எங்களுக்கு அதையே கொடுங்க."

கைப்பேசியை வைத்தவளுக்கு மனசு ஆறவில்லை. "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அண்ணி? போக வேண்டாம்னா சொல்லியிருப்பேன்?"

"சேச்சே, அப்படிச் சொல்ல மாட்டே." வசந்தகுமாரி ஒரு ஜிலேபியைப் பிட்டு அவள் வாயில் ஊட்டினார். "'நாங்களும் வர்றோம், ஏழு சீட் வண்டியா எடுங்க அண்ணி'ன்னு சொல்லியிருப்பே!"