அம்மா குரலில் ஒரு கரடி

அம்மாவான தன் குரலிலேயே பாடம் சொல்லும் என்பதால்தான் பிரமிளா அந்தப் பஞ்சுக் கரடியை வாங்கினாள். ஆட்டிசம் உள்ள தன் மகளுக்கு எதுவும் மாறாமல் இருந்தால்தான் பிடிக்கும் என்பது அவளுக்குத் தெரியும். கரடி மாறவே இல்லை. “யாழி, சிவப்பு எது?” என்று நூறாவது முறையும் முதல்முறை போலவே கொஞ்சியது. நான்கு வயது யாழினி நிறங்களைக் கற்றாள், பல் தேய்க்கக் கற்றாள், கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கவும் கற்றாள். ஆனால் கூப்பிடுவது கரடியாக இருக்க வேண்டும். வேலை முடிந்து வந்து பிரமிளா கூப்பிட்டால் குழந்தை காதைப் பொத்திக்கொண்டது.

ஞாயிற்றுக்கிழமை கரடியைக் கடைக்குத் தூக்கிப் போனாள். கடைப்பெண் வேறு பொம்மைகளை எடுத்து அடுக்கினாள்.

“வேற வேணாம்மா. இதோட குரல்ல கொஞ்சம் அலுப்பு சேக்க முடியுமா?”

“அலுப்பா? எல்லாரும் அதை எடுக்கத்தான் சொல்லுவாங்க மேடம்.”

“சேத்துடும்மா. என் குரலுக்கு அவ பழகணும். தொண்டை கட்டின மாதிரியும் இருக்கட்டும்.”

கடைப்பெண் திரையில் விரலை நகர்த்தினாள். “கோபம்?”

பிரமிளா கரடியின் காதைத் தடவிக்கொண்டே யோசித்தாள்.

“அதுவும் கொஞ்சம்,” என்றாள். “சாயங்காலத்துக்கு மட்டும்.”