கூடுதல் பாத்திரம்

என் வாழ்க்கைக் கதையை எழுதி, பதிப்பகம் பிடித்துத் தரும் இலக்கிய முகவரிடம் கொடுத்திருந்தேன். கல்யாண மண்டபத்தில் அண்டா தேய்த்துக்கொண்டிருந்தபோது போன் செய்தார்.

“கதை நல்லாருக்கும்மா. ஒரு பாத்திரம் கூடுதலா இருக்கு. எடுத்துடலாமா?”

“தாராளமா எடுங்க சார். இங்க தேய்ச்சு மாளல” என்று சிரித்தேன்.

வேலை முடிந்து வீடு திரும்பியபோது என் கணவர் மட்டும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“மகிழ்மதி எங்கய்யா?”

“யாரு அது?”

“நம்ம பொண்ணுய்யா!”

“நமக்கு ஏது புள்ள?” என்று சோற்றைப் பிசைந்தார். கொடியில் அவளுடைய பாவாடைகூட இல்லை.

முகவரை அழைத்துக் கதறினேன்.

“பாத்திரம்னா கதையில வர்ற ஆளும்மா. உண்மைக்கதைங்கிறதால, எழுத்துல எடுத்தா வீட்டுலயும் எடுத்துருவோம். நீங்கதானே சரின்னீங்க?”

“என் புள்ளயக் குடுத்துருங்க சார்!”

“இதை அப்படியே எழுதுங்கம்மா” என்றார் கனிவாக. “இப்பத்தான் கதைக்கு உயிர் வந்திருக்கு.”